காலேஜ் முதல் வருஷம் பத்தி இளையோர் நாவல்: நாலு ப்ரெண்ட்ஸ், நாலு இடம், கதைய எப்படி சேத்துப் பிடிக்கிறது?

அறந்தாங்கி வாசகன் எழுதியது:

மக்களே ஒரு உதவி வேணும். பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைங்க எடுத்துப் படிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன், காலேஜ் முதல் வருஷம்தான் களம். எங்க அறந்தாங்கி பக்கம் ஒரு கவர்மென்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல், 2025ல பிளஸ் டூ முடிக்கிற நாலு பேர். நிவேதா, தமிழரசன், ரஹ்மத் நிஷா, ஜெனி.

நிவேதாவுக்கு சென்னைல கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைச்சுருது. தமிழரசன் திருச்சி பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல மெக்கானிக்கல். ரஹ்மத் புதுக்கோட்டை அரசு மகளிர் கலைக் கல்லூரில பி.எஸ்சி மேத்ஸ், தினமும் பஸ்ல போயிட்டு வர்றா. ஜெனி நீட் எழுதி மார்க் பத்தல, அடுத்த வருஷத்துக்குப் படிக்கிறேன்னு வீட்லயே இருக்கா.

ஸ்கூல் நாள் வரைக்கும் எழுதுனது நல்லா ஓடுது. ஃபேர்வெல் முடிஞ்சு ஆளுக்கொரு திசையா போனதும் கதை நாலு துண்டாயிருது, ஒருத்திய எழுதுனா மத்த மூணு பேரும் காணாமப் போறாங்க, போன்ல பேசிக்கிட்டாங்க போன்ல பேசிக்கிட்டாங்கன்னு எழுதி எனக்கே சலிச்சுப் போச்சு. படிச்சுப் பாத்த ஒரு நண்பர் நாலு பேரையும் ஒரே காலேஜ்ல போடு, அப்பதான் கேன்டீன், கல்ச்சுரல்ஸ், லவ்வு, சண்டைன்னு சீன் கிடைக்கும்கிறார். எனக்கு மனசு ஒப்பல. எங்க பக்கத்துல எந்த ஸ்கூல் செட்டும் அப்படி மொத்தமா ஒரே காலேஜுக்குப் போய் நான் பாத்ததில்ல. பிரியுறதுதான் நான் எழுத வந்த விஷயமே. ஆனா பிரிஞ்சவங்கள வச்சு ஒரு நாவல எப்படி நகத்துறது?

அதோட நான் காலேஜ் முடிச்சு பல வருஷம் ஆச்சு. கவுன்சிலிங், ஹாஸ்டல், முதல் செமஸ்டர், ராகிங் இதெல்லாம் இப்ப எப்படின்னு கிட்டத்துல இருந்து பாக்குறவங்க சொல்லுங்க, பெரிய உதவியா இருக்கும்.


கணக்கு டீச்சர் எழுதியது:

தம்பி, நான் அரசுப் பள்ளில பிளஸ் டூ வகுப்பாசிரியர். இதப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நாலு பேரையும் ஒரே காலேஜ்ல போடவே போடாதீங்க. நீங்க சொன்ன நாலு பேரும் வருஷா வருஷம் என் வகுப்புல உக்காந்துட்டுப் போற பிள்ளைங்க.

உங்க கதைல ஃபேர்வெல் முடிஞ்சதும் நேரா காலேஜ் வந்துருதுன்னு நினைக்கிறேன். நடுவுல இருக்குற அந்த நாலு மாசத்தத் தாண்டாதீங்க, எல்லாம் அங்கதான் இருக்கு. மே மாசம் ரிசல்ட். அரசு கலைக் கல்லூரிக்கு ஜூன்லயே கலந்தாய்வு நடந்து ஜூன் கடைசி ஜூலை ஆரம்பத்துல வகுப்பு தொடங்கிரும். இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஜூலை ஆகஸ்ட் வரைக்கும் ஓடும், டாக்டர் படிப்புக்கு அதுக்கும் பின்னாடி. அப்ப உங்க நாலு பேர்ல முதல்ல காலேஜ் போறது ரஹ்மத். பக்கத்து காலேஜ் கிடைச்ச பொண்ணுதான் முதல்ல ஸ்டூடன்ட் ஆகுறா, கிண்டிக்குப் போகப் போற நிவேதா அப்ப வீட்ல துணி துவைச்சுக்கிட்டு கவுன்சிலிங் எப்ப வரும்னு போனப் பாத்துட்டு இருக்கா. அவ சென்னைக்கு பெட்டி கட்டுற நேரம் ரஹ்மத் முதல் இன்டர்னல் டெஸ்டே எழுதி முடிச்சுருப்பா. ஒவ்வொருத்தரையும் பஸ் ஏத்தி விட ஜெனி வந்து நிக்கிறா. மூணு தடவ வழியனுப்புற பொண்ணு ஒருத்தி உங்க கைல இருக்கா தம்பி, அவள விட்றாதீங்க.

அடுத்தது காசு விஷயம். நாலு பேரும் அரசுப் பள்ளின்னு சொல்றீங்க. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் முழுசா அரசுப் பள்ளில படிச்சிருந்தா 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020ல வந்துச்சு, இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்கு 2021ல. அதுல சேர்ற பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சிலிங் ஃபீஸ் எல்லாமே அரசாங்கம் கட்டுது. தனியார் காலேஜா இருந்தாலும் கவுன்சிலிங் வழியா அந்த ஒதுக்கீட்டுல போனா பொருந்தும். அப்ப தமிழரசன் வீட்ல ஃபீஸுக்குக் கஷ்டப்படுறாங்கன்னு நீங்க எழுதுனா, ஏன்னு விவரம் தெரிஞ்ச பிள்ளை கேக்கும்.

அதுக்கு பதில் நிஜத்துலயே இருக்கு. 2025ல பிளஸ் டூ முடிச்ச பையன் எட்டாவது படிச்சது 2020-21, கொரோனா வருஷம். அந்த வருஷம் மெட்ரிக் ஸ்கூல்ல ஃபீஸ் கட்ட முடியாம எத்தன பிள்ளைங்க எங்க ஸ்கூல் பக்கம் வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். தமிழரசன் அப்படி வந்தவன்னு வச்சுக்கங்க. ஆறாவதும் ஏழாவதும் மெட்ரிக். அந்த ரெண்டு வருஷத்தால அவனுக்கு 7.5 கிடையாது. அவன் அப்பா கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்டுன அந்த ரெண்டு வருஷம்தான் இப்ப அவனத் தடுக்குது. நிவேதாவும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே மத்தியானச் சாப்பாடு, மார்க்கும் கிட்டத்தட்ட ஒண்ணு. அவளுக்கு நாலு வருஷமும் ஃபீஸ் இல்ல, இவனுக்கு எல்லாமே கையக் கடிக்குது. நிவேதா மேல தப்பே இல்ல, ஆனா அவளால அவன்கிட்ட பழையபடி பேச முடியல. இத விடப் பெரிய விரிசல் நீங்க எதையும் கற்பனை பண்ண வேணாம்.

ரிசல்ட் வந்த அடுத்த வாரமே காலேஜ்காரங்க வீடு தேடி வர்றதையும் எழுதுங்க. நோட்டீஸ், பேக், இப்பவே அட்வான்ஸ் கட்டுனா சீட் உறுதி, இல்லன்னா கைய விட்டுப் போயிரும்னு. அப்பா பயந்து போய் கவுன்சிலிங்குக்கு முன்னாடியே மேனேஜ்மென்ட் சீட்ல பணத்தக் கட்டிருறார். அப்படிச் சேந்தா முதல் பட்டதாரிக்குத் தர்ற கட்டணச் சலுகையும் போயிரும், அது கவுன்சிலிங்ல வர்றவங்களுக்குத்தான். அந்தச் சான்றிதழ இ-சேவைல போட்டு வாங்கி ஃபைலுக்குள்ள வச்சிருப்பான் பையன். அது அந்த ஃபைலுக்குள்ளயே கிடக்கும்.


தொடர்கதை மேகலா எழுதியது:

நான் ஆப்ல தொடர்கதை எழுதுறேன், அதனால டீச்சரம்மா சொல்றதோட முழுசா ஒத்துப்போக முடியல. அவங்க சொன்ன விவரம் எல்லாம் தங்கம், ஆனா வாசிக்கிற பிள்ளைக்கு ரெண்டு பேர் நேருக்கு நேரா நின்னு பேசுற சீன் வேணும். போன் உரையாடல் பத்து பக்கம் போனா கமென்ட்ல வந்து எப்ப மீட் பண்ணுவாங்கன்னு கேட்டுருவாங்க, நான் அனுபவிச்சிருக்கேன். நாலு பேரையும் ஒரே காலேஜ்ல போடச் சொல்லல, குறைஞ்சது ரெண்டு பேர ஒரே ஊர்ல வைங்க. ஜெனி வீட்ல உக்காராம திருச்சில நீட் கோச்சிங் சேரட்டுமே, தமிழரசனும் திருச்சி பக்கம்தானே. ஞாயித்துக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பாத்துப்பாங்க.

ராகிங் கண்டிப்பா வைங்க. முதல் வருஷக் கதைல அது இல்லன்னா சப்புன்னு இருக்கும்.


இசிஇ செகண்ட் இயர் எழுதியது:

அண்ணா நான் இப்ப செகண்ட் இயர், நானும் தமிழ் மீடியம் கவர்மென்ட் ஸ்கூல், நிவேதா மாதிரி 7.5லதான் வந்தேன், அதனால அவளப் பத்தி மட்டும் சொல்றேன்.

மொதல்ல அந்த அலாட்மென்ட் வர்ற நாள். சாய்ஸ் ஃபில்லிங்ல நாம வரிசையா காலேஜ் கோர்ஸ் போட்டு லாக் பண்ணணும், அப்புறம் டென்டேட்டிவ் அலாட்மென்ட் வரும், ரெண்டு நாளைக்குள்ள முடிவு சொல்லணும். இதுவே போதும்னு சேந்துக்கலாம், இல்லன்னா இத வச்சுக்கிட்டு மேல இருக்குற சாய்ஸ்ல இடம் காலியானா குடுங்கன்னு கேக்கலாம், அதத்தான் அக்செப்ட் அண்ட் அப்வேர்டுன்னு சொல்றது. எங்க ஊர்ல ப்ரவுசிங் சென்டர்ல ஒரே கம்ப்யூட்டர் முன்னாடி நானும் அம்மாவும் சித்தப்பாவும் நின்னோம், அந்த அண்ணன் எதக் கிளிக் பண்ணணும்மா சொல்லுங்கன்னு கேட்டாரு, மூணு பேருக்கும் தெரியல, அம்மா உடனே எங்க ஸ்கூல் மிஸ்ஸுக்குப் போன் போட்டாங்க. எங்க வீட்ல யாரும் அதுவரைக்கும் அப்படி ஒரு முடிவு எடுத்ததே இல்ல. நிவேதாவுக்கு இந்த இடத்துல தமிழரசன் பக்கத்துல நிக்கட்டும், அவன்தான் எல்லாத்தையும் யூட்யூப்ல பாத்துத் தெரிஞ்சு வச்சிருப்பான், அவனுக்கு அது தேவைப்படாதுன்னு தெரிஞ்சும் சொல்லிக் குடுப்பான். அப்படி ஒருத்தன் என் செட்லயும் இருந்தான்.

அப்புறம் க்ளாஸ். பாடம் கஷ்டம்கிறது பெரிய விஷயமே இல்லண்ணா, மேத்ஸ்ல நான் ஸ்கூல்ல சென்டம் பக்கத்துல எடுத்தவ. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் க்ளாஸ்ல போர்டுல போடுற கணக்கு எனக்குப் புரியுது ஆனா சார் வாயால சொல்றது புரியல, அணிக்கோவைன்னு படிச்சத டிட்டர்மினன்ட்டுன்னு சொல்றாங்க, கை தூக்கி டவுட் கேக்கணும்னா மனசுக்குள்ள இங்லீஷ்ல ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டு தூக்கலாம்னா அதுக்குள்ள அடுத்த கணக்குக்குப் போயிருவாங்க. பக்கத்துல சென்னைப் பொண்ணு சர்வசாதாரணமா நடுவுல பேசுவா. அவ கெட்டவ இல்ல, அவதான் எனக்கு முதல் ப்ரெண்டு, பைத்தான் லேப்ல எர்ரர் வந்தா எட்டிப் பாத்து கோலன் விட்டுட்டன்னு சொல்லுவா. நாவல்ல சிட்டிப் பொண்ணுங்கள எல்லாம் திமிர் பிடிச்சவங்களாக் காட்டிராதீங்க ப்ளீஸ், அது எல்லாக் கதைலயும் இருக்கு.

ஒரு விஷயம் கண்டிப்பா வைங்க. எங்க பேட்ச்சுக்கு இருந்த அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல, அதாவது பாடத்திட்டத்துல, முதல் செம்ல தமிழர் மரபுன்னு ஒரு பேப்பர், ரெண்டாவது செம்ல தமிழரும் தொழில்நுட்பமும். ஒரே ஒரு கிரெடிட்தான், பாதிப் பேரு அத சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க. எனக்கு அந்தப் பீரியட்லதான் முதல் தடவ குரல் வந்துச்சு. நடுகல் பத்தி மேம் கேட்டப்ப நான் எந்திரிச்சு எங்க ஊரு ஏரிக்கரைல இருக்குற கல்லப் பத்தி சொன்னேன், க்ளாஸ் முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. அன்னைக்கு நைட் ஸ்கூல் க்ரூப்ல அதப் போய்ச் சொன்னேன், நாலு பேரும் ஹார்ட் போட்டாங்க, ஏன் அது எனக்கு அவ்ளோ பெருசுன்னு யாருக்கும் புரிஞ்சிருக்காது. கிண்டில பாடத்திட்டம் தனி, அது யுனிவர்சிட்டியோட சொந்த கேம்பஸ், அதனால அங்க படிக்கிற யாரையாவது ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க.

போன்ல பேசிக்கிட்டாங்கன்னு எழுதுறது சலிக்குதுன்னு சொன்னீங்க. நாங்க யாரும் போன்ல பேசிக்கவே மாட்டோம்ணா, வாய்ஸ் நோட்தான். மெஸ்ஸுக்கு நடந்து போற நேரம் ரெண்டு நிமிஷம் பேசி அனுப்புவோம், பின்னாடி தட்டுச் சத்தம், யாரோ கூப்பிடுறது எல்லாம் கேக்கும். ஊர்ல இருக்குற ப்ரெண்டோட பதில் ராத்திரி வரும், அதுல அவ வீட்டு டிவி ஓடும். கொஞ்ச நாள்ல ரெண்டு நிமிஷம் இருபது செகண்ட் ஆகும். அப்புறம் ஒருத்தி அனுப்புனத ரெண்டு நாள் கேக்காமயே வச்சிருப்போம், கேட்டா அழுக வரும்னு தோணும். சண்டை எதுவும் நடக்கல, ஆனா க்ரூப்ல கடைசி மெசேஜ் யாரோ ஒருத்தரோட பர்த்டே விஷ்ஷா நின்னுரும்.


அறந்தாங்கி வாசகன் எழுதியது:

எனக்கு மூச்சே நின்னுருச்சு. டீச்சர், அந்த ரெண்டு வருஷ மெட்ரிக் விஷயம் நீங்க சொன்ன நிமிஷத்துலேர்ந்து தமிழரசன் எனக்கு வேற ஆளா தெரியுறான். அவன் நிவேதாவுக்கு கவுன்சிலிங் சொல்லிக் குடுக்குற சீன இன்னைக்கு ராத்திரியே எழுதுறேன், தங்கச்சி ரொம்ப நன்றிம்மா.

மேகலா, ஜெனிய திருச்சில சேக்குறதுக்கு அவ வீட்ல காசு இல்ல. அவ அம்மா கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பூ பறிச்சுக் குடுக்குறவங்க. அதனாலதான் அவ வீட்ல இருந்து படிக்கிறா. ஆனா நேருக்கு நேரா சீன் வேணும்னு நீங்க சொல்றது நியாயம், அதுக்கு என்ன வழின்னுதான் முழிச்சுட்டு இருக்கேன்.

ராகிங் பத்தி யாராவது விவரமா சொல்லுங்க. எனக்கு அத மசாலாவா வைக்க இஷ்டமில்ல, ஆனா இல்லவே இல்லன்னும் எழுதக்கூடாதுல்ல. ரஹ்மத்தோட காலேஜ் வாழ்க்கை பத்தியும் எனக்குக் கைல ஒண்ணும் இல்ல, ஊர் பக்கத்துக் காலேஜ்னா கதையே இல்லாத மாதிரி எழுதி வச்சிருக்கேன்.


கௌரவ விரிவுரையாளர் எழுதியது:

அரசு கலைக் கல்லூரில பாடம் எடுக்கிறேன். ராகிங் விஷயத்துல மேகலா அவர்கள் சொன்னதுக்கு வருத்தத்தோட மறுப்பு சொல்றேன். சப்புன்னு இருக்கும்னு சேக்குற விஷயம் இல்லங்க அது. 1996ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல முதல் வருஷ மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகுதான் 1997ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் ரூபா வரைக்கும் அபராதம், காலேஜ விட்டு நீக்கம், வேற காலேஜ்லயும் சேர முடியாது. 2009ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை வந்தப்புறம் பையனும் கையெழுத்துப் போடணும், பெத்தவங்களும் உறுதிமொழிப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். முதல் நாளே அந்தப் படிவத்த தமிழரசன் அப்பா கைல குடுக்குறாங்க, இங்லீஷ்ல இருக்கு, என்னடா இதுன்னு மகனக் கேக்குறார், சும்மா ரூல்ஸ்ப்பான்னு இவன் சொல்றான். ராகிங் உங்க கதைக்குள்ள இப்படி நுழைஞ்சா போதும்.

இப்ப நடக்குறது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ரகம். சீனியர் வாட்ஸ்அப் க்ரூப்ல சேத்துவிட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்கு இன்ட்ரோ குடுன்னு கேக்குறது, ரெக்கார்ட் நோட் எழுதி வாங்குறது, ஊர் பேரக் கேட்டுட்டு அதுக்குப் பின்னாடி சாதியத் தெரிஞ்சுக்குறது. கடைசியாச் சொன்னதத் தயவுசெஞ்சு எழுதுங்க. எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா என்ன பண்றாருன்னு மூணு கேள்விலயே கேக்குறவனுக்குத் தெரிஞ்சுரும். ஸ்கூல்ல நாலு பேரும் ஒரே தட்டுல சாப்ட்டவங்க, காலேஜ்ல அந்தக் கேள்விக்கு ஒவ்வொருத்தரும் என்ன பதில் சொல்றாங்கங்குறத வச்சே ஒரு அத்தியாயம் எழுதலாம். யுஜிசி உதவி எண் 1800-180-5522, புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல போட்டுருங்க, படிக்கிற ஒரு பிள்ளைக்காவது பயன்படும்.

ரஹ்மத் விஷயத்துக்கு வர்றேன். ஊர் பக்கத்துக் காலேஜ்ல கதை இல்லன்னு எப்படிங்க சொல்றீங்க. காலைல எந்திரிச்சு தம்பி தங்கச்சிய ஸ்கூலுக்குக் கிளப்பி விட்டுட்டு பஸ் பிடிக்கிற பொண்ணு அவ. புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ அக்கவுன்ட்டுக்கு வருது, 2022 செப்டம்பர்லேர்ந்து அந்தத் திட்டம் இருக்கு. பணம் ஏறுன மெசேஜ் வர்ற அன்னைக்கு என் வகுப்புல ஒரு சலசலப்பு ஓடும். தன் பேர்ல தன் காசு, பல பொண்ணுங்களுக்கு அதுதான் முதல் தடவ. ஒருத்தி அதுல மூக்குத்தி வாங்குனா, ஒருத்தி அம்மாவோட கண்ணாடிக்குக் குடுத்தா, இன்னொருத்தி சேத்து வச்சு டைப்ரைட்டிங் லோயர் கிரேடு பரீட்சை எழுதுனா. ரஹ்மத் அத என்ன பண்றாங்குறத நீங்க முடிவு பண்ணுங்க, அவ யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும். பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு, ஆனா டீச்சரம்மா சொன்ன மாதிரி தமிழரசனுக்கு ஆறாவது ஏழாவது இடிக்கும், அதுவும் கிடைக்காது.

வகுப்புல இருக்குறதுல நிறையப் பேர் ஏற்கனவே சம்பாதிக்கிறவங்க. எங்க பசங்க முகூர்த்த நாள்ல கேட்டரிங் போவாங்க, ராத்திரி பரிமாறிட்டு காலைல கண்ணு சிவந்து முதல் பீரியட் வந்து உக்காருவாங்க, நான் எழுப்ப மாட்டேன். பொண்ணுங்க லீவு நாள்ல ஜவுளிக்கடை. தீபாவளி சீசன்ல அட்டெண்டன்ஸ் பாதியாக் குறையும். உங்க கிண்டிப் பொண்ணு ஸ்டோரில பீச் போட்டோ போடுற அன்னைக்கு ரஹ்மத் துணிக்கடைல நின்னுக்கிட்டே அதப் பாப்பா. பொறாமைப்பட வைக்காதீங்க. ஃபோட்டோவ பெருசு பண்ணி நிவேதா மெலிஞ்சுட்டாளான்னு பாப்பா, அவ அப்படித்தான்.


புத்தகக்கடை பாலா எழுதியது:

எழுத்தப் பத்தி மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் கடைல நின்னு பாக்குறதச் சொல்றேன். தமிழ்ல சிறார் புத்தகத்துக்கு இப்ப நல்ல காலம், அப்பா அம்மா கூட வந்து வாங்கிக் குடுக்குறாங்க. பெரியவங்க நாவலுக்கு அலமாரி இருக்கு. பதினாறுலேர்ந்து இருபது வயசு வரைக்கும் இருக்குறவன் கடைக்குள்ள வந்து நின்னா எந்தப் பக்கம் கை காட்டுறதுன்னு நான் தடுமாறுறேன். புத்தகக் கண்காட்சிக்கு ஸ்கூல் யூனிஃபார்ம்ல கூட்டமா வர்ற பிளஸ் டூ பிள்ளைங்க பின்னட்டைய மட்டும் படிச்சுட்டு வச்சுட்டுப் போறாங்க. அவங்க கைல பெரும்பாலும் ஐம்பதுலேர்ந்து நூறு ரூபாதான் இருக்கும். ஐநூறு பக்கம் எழுதுனீங்கன்னா அவங்க வாங்க முடியாது தம்பி. நூத்தி இருபது பக்கத்துக்குள்ள முடிங்க, விலைய நூறுல நிறுத்துற பதிப்பாளரத் தேடுங்க.

மொழி விஷயத்துல ஒண்ணு. பேச்சு பேச்சாவே இருக்கட்டும், புதுக்கோட்டைத் தமிழ அப்படியே விடுங்க. கதை சொல்ற குரல் எளிமையா இருந்தா போதும், இளைஞர்களுக்குப் பிடிக்கணும்னு ரீல்ஸ்ல வர்ற வார்த்தைய எல்லாம் தேடிப் பிடிச்சுப் போடாதீங்க, புத்தகம் அச்சாகி வர்றதுக்குள்ள அது பழசாயிரும்.

பெத்தவங்கள வில்லனாக்காதீங்க. ஜெனி அம்மா படிச்சது போதும்னு சொல்றவங்களா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. விடிகாலைல பூப் பறிக்கப் போறப்ப மகள எழுப்பிப் படிக்க உக்கார வச்சுட்டுப் போறவங்களா இருக்கட்டும். அப்படிப்பட்ட அம்மாவுக்கு முன்னாடி, எனக்கு டாக்டர் வேணாம்னு ஜெனிக்குத் தோணுனா எப்படிச் சொல்லுவா? வேணாம்னு அவளுக்குத் தோணுமா தோணாதான்னு எனக்குத் தெரியல, ஆனா நான் வாசகனா அந்தப் பக்கத்துக்குத்தான் காத்திருப்பேன்.

மேகலா கேட்ட நேருக்கு நேர் சீனுக்கு வழி இருக்கு. காலேஜ் பிள்ளைங்க ஊருக்கு வர்றது எப்பன்னு பாருங்க. ஆயுத பூஜை, தீபாவளி, அரையாண்டு மாதிரி டிசம்பர்ல கொஞ்சம், பொங்கல், ஊர்த் திருவிழா, நோன்புப் பெருநாள், யாராவது அக்கா கல்யாணம். இந்த லீவு நாள மட்டும் வச்சு நாவலக் கட்டுங்க. காலேஜ்ல நடக்குறது எல்லாம் வாய்ஸ் நோட்டுலயும் ஞாபகத்துலயும் வரட்டும், கதை நடக்குற இடம் ஊர்தான். ஒவ்வொரு லீவுக்கும் நாலு பேரும் வேற வேற ஆளா வந்து இறங்குறாங்க.


தொடர்கதை மேகலா எழுதியது:

பாலா சார் சொன்னது அருமை, நான் சொன்ன திருச்சி ஐடியாவ விட இது நூறு மடங்கு மேல். ராகிங் பத்தி விரிவுரையாளர் சொன்னதையும் ஏத்துக்கிறேன்.

ஒண்ணு மட்டும் சேக்குறேன். ஏதாவது ஒரு லீவுக்கு ஒருத்தர் வராம இருக்கணும். தீபாவளிக்கு தமிழரசன் வரலன்னு வைங்க, ஹாஸ்டல்ல படிக்கிறேன்னு சொல்லிட்டு பார்ட் டைம் வேலைக்குப் போறான். மத்த மூணு பேரும் அவன் இல்லாம பட்டாசு வெடிக்கிறாங்க, அந்த அத்தியாயம் முழுக்க அவனப் பத்திதான் இருக்கும்.


இசிஇ செகண்ட் இயர் எழுதியது:

அய்யோ ஆமா மேகலாக்கா. பொங்கல் லீவ விட்றாதீங்க அண்ணா, அப்ப நிறையப் பேருக்கு செம் எக்ஸாம் நடுவுலயோ முடிஞ்ச கையோடயோ இருக்கும், ரிசல்ட் வந்திருக்காது. எங்களுக்கு இன்டர்னல் நாப்பது, செமஸ்டர் எக்ஸாம் அறுபது, ஃபெயில்னா யுன்னு ஒரே ஒரு எழுத்து வரும். எல்லார் வீட்லயும் எப்படிம்மா எழுதிருக்கன்னு கேப்பாங்க, ஸ்கூல் டாப்பர் நிவேதாவ ஊரே கேக்கும். அவ சிரிச்சுக்கிட்டே நல்லா எழுதிருக்கேன்னு சொல்லுவா. மேத்ஸ்ல அரியர் விழும்னு அவளுக்குத் தெரியும். அத அவ முதல்ல யார்கிட்ட சொல்லுவான்னு யோசிச்சேன். ரஹ்மத்கிட்டதான் சொல்லணும், ஏன்னா அவளும் மேத்ஸ்தான் படிக்கிறா, அந்தக் கணக்கப் போட்டுக் காட்ட ரஹ்மத்துக்குத் தெரியும். கிண்டிப் பொண்ணுக்கு புதுக்கோட்டைப் பொண்ணு சொல்லித் தரட்டும்ணா.


அறந்தாங்கி வாசகன் எழுதியது:

இந்த சீன அப்படியே எடுத்துக்கிறேன் தங்கச்சி, ரஹ்மத் வீட்டு மொட்டை மாடில வைக்கிறேன், புத்தகத்துல நன்றிப் பக்கத்துல உனக்கு என்ன பேர் போடணும்னு மட்டும் சொல்லு.

இப்ப வடிவம் இப்படி வச்சிருக்கேன். மே மாச ரிசல்ட்ல ஆரம்பிச்சு அடுத்த மே மாசம் நீட் எக்ஸாம் வரைக்கும். முதல் பாதி அந்த நாலு மாசக் காத்திருப்பு, ஒவ்வொருத்தரா பஸ் ஏறுறது. ரெண்டாவது பாதி ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல், பெருநாள், நாலே நாலு லீவு. தீபாவளிக்குத் தமிழரசன் இல்ல. எல்லாத்தையும் சொல்றது ஜெனி, ஏன்னா ஊர்ல இருந்து எல்லாரும் வர்றதையும் போறதையும் பாக்குறவ அவதான், வாய்ஸ் நோட்டெல்லாம் அவ போனுக்குத்தான் வருது. அவளுக்கு டாக்டர் வேணுமா வேணாமாங்குறத எழுதிக்கிட்டே கண்டுபிடிக்கிறேன் பாலா சார், இப்போதைக்கு எனக்கும் தெரியல. நூத்தி இருபது பக்கத்துக்குள்ள முடிக்கப் பாக்குறேன்.

டீச்சர், ஒரு சந்தேகம். ரெண்டாவது தடவ நீட் எழுதுற பிள்ளைக்கு 7.5 ஒதுக்கீடு இருக்குமா? இல்லன்னா ஜெனியோட கதையே மாறிரும்.


கணக்கு டீச்சர் எழுதியது:

இருக்கும் தம்பி, கவலப்படாதீங்க. படிச்ச பள்ளியத்தான் பாக்குறாங்க, எத்தனாவது தடவ எழுதுறாங்கன்னு பாக்குறதில்ல. எங்க பிள்ளைங்க ரெண்டாவது தடவ எழுதித்தான் நிறையப் பேர் உள்ள போயிருக்காங்க. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சதுக்கு சான்று வாங்கணும், அதுக்கு ஜெனி திரும்ப எங்க ஸ்கூல் ஆபீசுக்கு வந்துதான் ஆகணும். அவ வர்ற நேரம் அவ உக்காந்த பெஞ்சுல அடுத்த செட் பிள்ளைங்க உக்காந்திருக்கும், கிளார்க் பழைய ரெஜிஸ்டர எடுத்துப் பக்கத்தப் புரட்டுவார்.

அந்த அத்தியாயம் எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்புங்க. என் வகுப்புல படிச்சுட்டு இப்ப வீட்ல இருந்து படிக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா, அவளையும் படிக்கச் சொல்லி எங்கெங்க சரியில்லன்னு கேட்டுச் சொல்றேன்.